கட்டிய நாயின் நகம்

ஒரு நாய் வளர்க்கப்படுகிறதா, வெறுமனே கட்டி வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை அறிய வீட்டுக்காரரை விசாரிக்க வேண்டியதில்லை. நாயின் நகத்தைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். நடக்கிற நாயின் நகத்தை நிலம் தேய்த்துவிடும். நடக்க விடாத நாயின் நகம் வளர்ந்து வளைந்து சாட்சி சொல்லும்.

"ஊரில் யார் ஐயா நாய்க்கு நகம் வெட்டினார்கள்? அது ரொறன்ரோவிலும் லண்டனிலும் நாயைக் கட்டிலில் படுக்க வைப்பவர்களின் வேலையல்லவா?" என்று வாசகர்களிற் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஊரில் அன்று எவரும் வெட்டவில்லை. காரணம், அன்று நாயை எவரும் கட்டவுமில்லை. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்பார்கள். அந்த ஓயாத ஓட்டமே அதற்கு நகவெட்டியாக இருந்தது. நெடுந்தீவில் கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்கு யார் குளம்பு சீவுகிறார்கள்? போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்தவை அவை. முருகைக்கல் நிலமும் அவற்றின் நடையும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. அதே குதிரையை லாயத்தில் அடைத்தால், மறுநாள் தொடக்கம் அதன் குளம்பு அடைத்தவரின் பொறுப்பாகிவிடும்.

மண்கும்பானுக்கு வருவோம். பண்ணையைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி தாண்டினால் வருகிற ஊர். மணற்கும்பிகளுக்குப் பெயர்பெற்றது. அந்த மணலின் கீழே தேங்கும் நன்னீர் ஒரு கொடை. அந்த மணலையே அள்ளிக் கட்டடம் கட்டியது இன்னொரு கதை. நமக்கு இங்கு வேண்டியது வேறொன்று: மணல் நகத்தைத் தேய்ப்பதில்லை. தாரும் சீமெந்தும் கல்லும் தேய்க்கிற அளவுக்குப் பொடிமணல் தேய்க்காது. நாள் முழுதும் ஓடித் திரிந்த நாய்க்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒரே மரத்தைச் சுற்றி மணலில் நிற்கிற நாய்க்கோ அதுவே வினையாகிறது.

1990, 1991 ஆம் ஆண்டுகளில் நடந்த படை நடவடிக்கைகளோடு தீவகம் வெறுமையாயிற்று. திரும்பி வந்தவர் சிலர். கடல் கடந்தவர் பலர். வெளிநாட்டுப் பணத்தில் வீடுகள் மறுபடி எழுந்தன. கிடுகு வேலி நின்ற இடத்தில் உயர்ந்த மதில். உள்ளே காவலுக்கு ஒரு நாய். நாய் வெளியே போனால் காவல் எப்படி? ஆகவே சங்கிலி.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு வளவுக்குள் போனேன். நாய் மெலியவில்லை. இரு வேளையும் சோறும் மீனும் கிடைத்தன. ஆனால் நடக்கும்போது முன்காலை ஊன்றாமல் தூக்கித் தூக்கி வைத்தது. குனிந்து பார்த்தால், காலின் உட்பக்கத்தில் சற்று மேலே இருக்கிற ஒற்றை நகம் வட்டமாக வளர்ந்து சதைக்குள் இறங்கியிருந்தது. பார்த்துக்கொள்பவர் நல்ல மனிதர். "அது தன்பாட்டில் விழுந்துவிடும் ஐயா" என்றார்.

விழாது. அந்த நகம் சாதாரண நடையில் நிலத்தைத் தொடுவதில்லை. ஆகையால் நடக்கிற நாய்க்கும் அது போதிய அளவு தேயாது; கட்டாயம் கவனிக்க வேண்டியது அதுதான். மற்ற நகங்கள் நீண்டால் ஒவ்வோர் அடியிலும் நிலம் அவற்றை மேல்நோக்கித் தள்ளும். விரல்கள் விரியும், நாய் பாதத்தைப் பின்வாங்கி நிற்கும், நாளடைவில் மூட்டுகள் நோகும். முதுமை அடைந்த நாய்க்கு இது பெருந்தொல்லை. பிளந்த நகத்தில் சீழ் பிடித்து ஈ மொய்த்தால், நம் வெப்பத்தில் புழு வைக்க அதிக நாள் ஆகாது.

அளவை அறிவது எளிது. சமதளத்தில் நாய் நேராக நிற்கும்போது நகம் நிலத்தைத் தொடக்கூடாது. மாபிள் தரையில் "டிக் டிக்" என்று கேட்டால் வெட்டும் காலம் வந்துவிட்டது.

நகத்தின் உள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த சதை ஓடுகிறது. வெள்ளை நகத்தில் அது இளஞ்சிவப்பாகத் தெரியும். அதற்குச் சற்று முன்னாலேயே நிறுத்த வேண்டும். ஊர் நாய்களிற் பலவற்றுக்கு நகம் கறுப்பு. ஆகவே மெல்லிய சீவல்களாகச் சிறிது சிறிதாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் ஈரமான கரும்புள்ளி தோன்றினால் அவ்வளவுதான். நீண்டகாலம் வெட்டாத நகத்தில் அந்தச் சதையும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் சரிசெய்ய முனையாதீர்கள். வாரம் ஒருமுறை நுனியை மட்டும் எடுத்துவந்தால் சதையும் மெல்லப் பின்வாங்கும். மனிதர் நகவெட்டி உதவாது. நாயின் நகம் உருண்டது, நசுங்கிப் பிளக்கும். நாய்க்கென விற்கிற வெட்டி இல்லாவிட்டால் அரம் போதும். தவறி இரத்தம் வந்தால் நுனியில் சோளமாவை அப்பிச் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சதைக்குள் இறங்கிவிட்ட நகத்தை நீங்கள் தொடவேண்டாம். அது கால்நடை வைத்தியரின் வேலை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று: விசர்நோய்த் தடுப்பூசி போடாத நாயின் காலைப் பிடிக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907 ஆம் ஆண்டுக்குரியது. அது விதித்த அபராதத்தின் உச்சம் 100 ரூபா. அடிப்பதும் வதைப்பதும் அதன் கண்ணில் படும். மெல்ல வளர்ந்து சதைக்குள் இறங்கும் நகம் படுவது அரிது. பிரித்தானியாவின் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ வதைக்காதே என்பதோடு நிற்பதில்லை. வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காப்பதும், விலங்கு தன் இயல்புப்படி நடந்துகொள்ள இடமளிப்பதும் வளர்ப்பவரின் கடமை என்கிறது. லண்டனில் இந்தச் சட்டத்துக்குப் பணிந்து நாய் வளர்க்கிற நம்மவர், மண்கும்பான் வீட்டில் கட்டியிருக்கும் தம் நாய்க்கும் அதே கடமை உண்டென்று எண்ணுவதில்லை.

இன்னொரு கேள்வியும் எழும். 1990 ஆகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் இளைஞர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற்போனார்கள். மனிதருக்கே கணக்குச் சொல்லப்படாத மண்ணில் நாயின் நகத்துக்குக் கணக்கா? கேட்பவரின் வலி எனக்கு விளங்குகிறது. ஆனால் நாய்க்குக் காட்டாமல் விட்ட அக்கறை மனிதருக்குப் போய்ச் சேர்ந்ததாக நான் எங்கும் கண்டதில்லை. பங்கீட்டு அட்டைக்குத் தருகிற அரிசியல்ல அக்கறை, ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைவதற்கு.

மதிலுக்கும் நிறப்பூச்சுக்கும் பணம் அனுப்புகிறவர்களிடம் என் வேண்டுகோள் சிறிது. அடுத்த பொதியில் ஒரு நாய் நகவெட்டியையும் வையுங்கள். அதைவிட மேலாக, தொலைபேசியில் பேசும்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், காலையும் மாலையும் அரை மணி நேரம் நாயைத் தார் வீதியில் நடத்திச் செல்லச் சொல்லுங்கள். நகத்துக்கு அதுவே முதல் வைத்தியம். அதையும் செய்ய இயலாதென்றால், அந்த வீட்டுக்கு நாய் வேண்டாம். நல்ல பூட்டு ஒன்று போதும்.