சத்தத்தின் காரணத்தைத் தேடுவதற்கும் கூலி உண்டு

பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங், செலேக்கோ பக்கங்களில் செம்பனைக் குலையும் தேங்காயும் ஏற்றிப் போகும் பிக்-அப் வண்டிகளின் பின்பக்கத்தில் ஊளைச் சத்தம் கிளம்பினால், இரண்டில் ஒன்று நடக்கிறது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று வண்டிக்காரர் விட்டுவிடுகிறார். இல்லையென்றால், "பின் டிஃப் போய்விட்டது" என்று பட்டறையில் ஒரே வார்த்தையில் சொல்லி, ஹாஃப்கட் கடையிலிருந்து வந்த பழைய டிஃபரன்ஷியலை மாட்டிவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. அதற்கெனக் கூலி கொடுக்க வண்டிக்காரரும், அதைச் செய்து காட்டப் பொமனும் பழகிக்கொள்ள வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது என்பதுதான் முதல் சாட்சி. எண்ணெய்ப் பெடலை மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் அடங்கினால், டிஃபரன்ஷியலுக்குள் கிரவுன் வீலும் பினியனும் கடிக்கும் பல்லின் ஒரு முகத்தைச் சந்தேகிக்கலாம். காலை எடுத்த பிறகு கேட்டால் பல்லின் மறுமுகம், அல்லது தளர்ந்துபோன பினியன் பேரிங். மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் பெரும்பாலும் பேரிங்குடையது. வலப்பக்கம் வளையும்போது பாரம் இடச்சக்கரத்தில் இறங்கும். அப்போது சத்தம் கூடினால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சக்கரத்தின் பேரிங்கைத்தான். கியர் மாற்றும்போது 'டக்'கென்று இடித்தால், டிஃபரன்ஷியலைத் தொடுவதற்கு முன் புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயிண்டை ஆட்டிப் பார்க்க வேண்டும். தார்ச்சாலையிலிருந்து சிமெண்டுப் பாலத்தில் ஏறியதும் சத்தத்தின் சுருதி மாறுகிறதென்றால் டயர்தான் குற்றவாளி. ஆளில்லாத நேர்ச்சாலையில் அரை மணி நேரம் ஓட்டினால் இதில் பாதி தெளிந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைவி போன்ற முன்சக்கர இழுவைக் கார்களுக்குப் பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. அந்தக் காருக்குப் 'பின் டிஃப்' என்று பில் எழுதினால் கேள்வி கேளுங்கள்.

கழற்றிப் பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாகான் டத்தோ பேராக் ஆற்றுக்கும் பெர்ணம் ஆற்றுக்கும் நடுவே கிடக்கும் தாழ்நிலம். மழையோடு கடல் பெருக்கும் சேர்ந்துகொண்டால் தோட்டப் பாதைகளில் தண்ணீர் நிற்கும். ஓடிச் சூடான ஆக்ஸில் திடீரென்று தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்குகிறது. மூச்சுக்குழாய் சேறடைத்தோ விரிசல் விட்டோ இருந்தால், தேய்ந்த சீல் வழியாகவோ குழாய் வழியாகவோ தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் கதை அங்கேயே தெரிந்துவிடும். வடிகால் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று பொருள். அதன் பிறகும் ஐயம் இருந்தால், கிரவுன் வீலின் பற்களில் அடையாளப் பசை தடவிக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். பினியன் எங்கே கடிக்கிறது என்பது பல்லின் மேல் அச்சாக விழும். அச்சு பல்லின் நடுவில் விழாமல் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் அமைப்பு பிசகியிருக்கிறது. இந்த ஜோடி ஆலையிலேயே ஒன்றோடொன்று சேர்த்துத் தேய்த்து எடுக்கப்பட்டது. அதனால் ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளை அடங்காது.

நல்ல பொமனுக்குக் காதே போதும், இவ்வளவு சோதனை எதற்கு என்பார்கள். அனுபவக் காதை நான் மதிக்கிறேன். ஆனால் ஆக்ஸில் குழாயும் சட்டமும் சத்தத்தைக் கடத்துகின்றன; சக்கரத்தில் பிறந்த உறுமல் வண்டிக்குள் உட்கார்ந்தவருக்கு நடுவிலிருந்து வருவதுபோலத்தான் கேட்கும். பட்டறையே சத்தத்தை உண்டாக்குவதும் உண்டு. பினியன் எண்ணெய் சீல் ஒழுகுகிறது என்று நட்டைக் கழற்றி, சீலை மாற்றி, காற்றுத் துப்பாக்கியால் அடித்து முறுக்கினால், பேரிங்குகளுக்கு நடுவே இருக்கும் நசுங்கும் குழல் அளவுக்கு மீறி நசுங்கிவிடும். சில வாரங்களில் பேரிங் அலறத் தொடங்கும். சின்ன வேலை பெரிய செலவாவது இப்படித்தான்.

சிறுதோட்டக்காரரிடம் சோதனைக்குக் கொடுக்கக் காசு ஏது என்பது நியாயமான கேள்வி. டயரோ சக்கர பேரிங்கோ காரணமாக இருக்கும்போது டிஃபரன்ஷியல் வாங்கினால் அந்தக் காசு முழுவதும் வீண். சத்தமும் அப்படியே இருக்கும். புஸ்பாகோம் வாகனச் சோதனை இருக்கிறதே என்றால், அது வணிக வண்டிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடப்பது. பாரம் ஏற்றிச் சாலையில் ஓடும்போது வரும் ஊளையைக் காது கொடுத்துக் கேட்பது அதன் வேலையல்ல. வெறும் சத்தம்தானே, யாருக்கு என்ன நட்டம் என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பேரிங் சிதறிப் பற்கள் இறுகினால் ஓடும் வண்டியின் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். 2025 மே 13 அன்று, தெலுக் இந்தான் சித்திரைத் திருவிழாப் பாதுகாப்புப் பணி முடித்துத் திரும்பிய எஃப்ஆர்யூ போலீசார் ஒன்பது பேர், கல் ஏற்றிய லோரி மோதி உயிரிழந்தார்கள். அந்த லோரியில் அளவுக்கு மீறிய பாரமும் ஸ்டீரிங் கோளாறும் இருந்ததாக விசாரணையில் தெரியவந்தது. பாகம் வேறுதான். ஆனால் பாரவண்டியில் கவனிக்காமல் விட்ட கோளாறுக்கு எதிரே வருகிறவரும் விலை கொடுக்கிறார்.

பட்டறை தன் சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உத்தரவாதம். சொந்த உபயோக வண்டி வைத்திருப்பவர், 50,000 வெள்ளி வரையிலான வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அதற்குக் கையில் தாள் வேண்டும். ஆகவே வண்டியை விடும்போதே, எந்தச் சோதனை செய்தார்கள், என்ன கண்டார்கள், அதன்பேரில் எந்தப் பாகத்தை மாற்றுகிறார்கள் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சோதனைக்கான கூலியையும் அதே பில்லில் தனி வரியாகப் போடச் சொல்லி, முகம் சுளிக்காமல் கொடுங்கள்.