353 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு கேள்வி

கீழடி அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என்று அமெரிக்காவின் மியாமியிலுள்ள ஆய்வகம் கணித்தது. 2019-இல் தமிழகத் தொல்லியல் துறை அதை வெளியிட்டபோது ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால், ஆய்வகம் சொன்னது கரியின் வயதை மட்டும்தான். அங்கே கிடைத்த, தமிழி (தமிழ்-பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓட்டுக்கும் அதே வயதைக் கொடுக்கலாமா, இரண்டும் ஒரே மண்ணடுக்கைச் சேர்ந்தவையா, ஒரு மாதிரியை நம்பி எவ்வளவு தூரம் பேசலாம் என்பதையெல்லாம் ஆய்வகக் கருவி சொல்லாது. சான்றை எடைபோடத் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சியைத் தர வேண்டியது வரலாற்றுப் பாடம். அது இல்லாததால்தான் வாட்ஸ்அப்பில் கீழடிக்கு வாரம் ஒரு வயது ஏறுகிறது. அதை அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடுபவர்களில் பட்டதாரிகளுக்குப் பஞ்சமில்லை.

ஆனால், பிளஸ் ஒன்னில் கணிதமும் அறிவியலும் கொண்ட ‘ஃபர்ஸ்ட் குரூப்’ எடுக்கும் பிள்ளை அதன்பிறகு வரலாற்றின் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. வரலாற்றுப் பிரிவோ மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் திண்ணையாகிவிட்டது. தனியார் பள்ளிகள் பலவற்றில் அந்தத் திண்ணையும் கிடையாது. அரசர் பெயரையும் ஆண்டையும் உருப்போட்ட பிள்ளைக்கு, ‘இது எப்படித் தெரியும்?’ என்று கேட்கும் பக்குவம் வருகிற வயதில் பாடம் கைநழுவுகிறது.

வரலாறு சோறு போடுமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. பொறியியல் முடித்தவர்களே டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்காகப் பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தைத் தேடிப்பிடித்துப் படிப்பதைப் பதிலாகக் காட்டலாம். நான் அதைப் பெரிதாகச் சொல்ல மாட்டேன், அதுவும் மனப்பாடம்தான். இன்னொரு ஆட்சேபம்தான் கனமானது: வகுப்பறையில் வரலாறு வெறும் உருப்போடலாக இருக்கையில், மேலும் இரண்டாண்டு படித்து என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, வினாத்தாள் மாறாதவரை. கீழடி அறிக்கையின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதிலிருந்து எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று கேட்கட்டும். திருத்துவது சிரமம்தான், ஆசிரியருக்குப் பயிற்சியும் நேரமும் கொடுத்தாக வேண்டும்.

நீட், கட் ஆஃப் என்று ஏற்கெனவே மூச்சு முட்டுகிறவர்களுக்கு இன்னொரு சுமையா என்பார்கள். கூடுதல் பாடம் வேண்டாம். கணிதம், இயற்பியல், வேதியியலோடு நான்காவதாகக் கணினி அறிவியலையோ உயிரியலையோ படிக்கும் இடத்தில், விரும்புகிறவர் வரலாற்றை எடுக்கட்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கட் ஆஃப் முதல் மூன்று பாடங்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நான்காவது வரலாறாக இருந்தால் அதில் அரை மதிப்பெண்கூடக் குறையாது.