இருளில் முடியும் சங்கீதம்



"பல மாதங்களாக ஜெபிக்கிறேன் ஐயா, சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லாமல் ஆலயத்துக்கு வந்து பாடுவது நடிப்பாகாதா?" என்று சபையார் ஒருவர் என்னிடம் கேட்டார். பல ஆண்டுகளாக உபவாச ஜெபத்திற்குத் தவறாமல் வருகிறவர் அவர். அவருக்கு ஏற்கெனவே கிடைத்திருந்த பதில்கள் இரண்டு: மறைவான பாவம் ஏதோ இருக்கவேண்டும், ஜெபம் போதவில்லை. யோபுவைப் பார்க்கவந்த நண்பர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் யார்மேல் மூண்டது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

ஆவிக்குரிய வறட்சியைப் பின்மாற்றத்தின் அடையாளமாகவே பார்க்கும் பழக்கம் நம் சபைகளில் வேரூன்றியிருக்கிறது. நம்முடைய சாட்சி நேரத்தைக் கவனியுங்கள். வியாதி குணமான பிறகு, வேலை கிடைத்த பிறகு, கண்ணீர் துடைக்கப்பட்ட பிறகுதான் ஒருவர் எழுந்து பேசுகிறார். முடிந்துபோன துன்பங்களுக்கு மட்டுமே அங்கே இடமுண்டு. இன்னும் முடியாத துன்பத்தில் இருக்கிறவர் கடைசி வரிசையில் அமர்ந்து, ஒருநாள் வராமலே நின்றுவிடுகிறார்.

வேதாகமத்தின் ஜெபப் புத்தகம் இவ்வளவு கண்டிப்பானது அல்ல. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களே. அவற்றுள் பெரும்பாலானவை நம்பிக்கையில் வந்து முடிகின்றன. 13ஆம் சங்கீதம், எதுவரைக்கும் என்று நான்குமுறை கேட்டுவிட்டு, ஆறாம் வசனத்திற்குள் பாடத் தொடங்கிவிடுகிறது. எஸ்ராகியனாகிய ஏமானின் 88ஆம் சங்கீதமோ அப்படி அல்ல. பதினெட்டு வசனங்களிலும் விடியல் இல்லை. எபிரெய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே 'இருள்' என்பதாகும். இதைத் தொகுத்தவர்கள் ஆறுதலாக ஒரு வசனத்தைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை. அதை ஆலயத்தில் பாடப்படும் பாட்டாக, இருந்தபடியே, இராகத் தலைவனிடம் ஒப்படைத்தார்கள்.

ஆனாலும் அந்தச் சங்கீதத்தை நிதானமாக வாசிக்கிறவர் ஒன்றைக் கவனிப்பார். ஏமான் தேவனைப்பற்றிப் பிறரிடம் முறையிடவில்லை. முதலிலிருந்து கடைசிவரை தேவனிடமே பேசுகிறார். தன்னைக் குழியில் தள்ளியவர் நீரே என்று குற்றஞ்சாட்டுவதும் அவரிடமே. அதிகாலையில் ஜெபிக்கிறார், இரவிலும் கூப்பிடுகிறார், அனுதினமும் கைகளை விரிக்கிறார். பதில் வந்ததாக எங்கும் இல்லை. இருந்தும் முதல் வசனத்தில் அவரைத் தன் இரட்சிப்பின் தேவன் என்று அழைத்தவர், அந்த உரிமையை விட்டுக்கொடுக்கவே இல்லை. இதை நடிப்பு என்று எவர் சொல்வார்? அவிசுவாசம் பேச்சை நிறுத்திவிடும். சந்தேகமோ வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கும்.

சந்தேகம் என்றதும் தோமாவைத்தான் நாம் தேடிப் போகிறோம். மத்தேயு 28ஆம் அதிகாரம் இன்னும் வியப்பானது. கலிலேயாவின் மலைமேல் பதினொரு சீஷரும் உயிர்த்த ஆண்டவரைப் பணிந்துகொண்டபோது, சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று சுவிசேஷகர் ஒளிக்காமல் எழுதுகிறார். அங்கே வரும் கிரேக்க வினைச்சொல் புதிய ஏற்பாட்டில் வேறு ஒரே இடத்தில்தான் வருகிறது: தண்ணீரின்மேல் நடந்த பேதுரு அமிழத் தொடங்கியபோது. சந்தேகப்பட்டவர்களை ஒதுங்கி நிற்கும்படி இயேசு சொல்லவில்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்கும் பெரிய கட்டளையைப் பெற்றவர்களுள் அவர்களும் உண்டு.

நம் காலத்திற்கு வருவோம். கொல்கத்தாவின் அன்னை தெரசா 1997இல் மறைந்தார். அவர் தம் ஆவிக்குரிய வழிகாட்டிகளுக்கு எழுதிய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. வறியவரிடையே ஊழியம் தொடங்கிய நாட்களிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், இடையே சிறிது காலம் தவிர, தேவ பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்திருக்கிறார். சிலர் இதைக் கபடம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. (கத்தோலிக்கத் துறவி ஒருவரைப் புராட்டஸ்டண்டு போதகன் சுட்டிக்காட்டுவதா என்று கேட்பவர்கள் பொறுத்தருள்வார்களாக.) உணர்வு வற்றிய பின்னும் ஒருவர் அதிகாலையில் எழுந்து முழங்கால்படியிடுகிறார் என்றால், அவர் தேடுவது உணர்வை அல்ல, ஆண்டவரையே. இனிமையாயிருந்த நாட்களில் இவ்விரண்டையும் பிரித்தறிய நம்மில் எவராலும் முடிவதில்லை. கோடையில் வைகை வற்றினால் மக்கள் ஆற்றை விட்டுப் போய்விடுவதில்லை. மணலிலே ஊற்றுத் தோண்டுகிறார்கள்.

வறட்சி எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்லவேண்டும். விட மனமில்லாத பாவத்தினால் வருவது உண்டு. அதற்கு மனந்திரும்புதலே வழி. உடல் களைப்பினால் வருவதும் உண்டு. சாக விரும்பிச் சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டான். உறக்கமின்மையும் வாழ்வின்மீது வெறுப்பும் நீடித்தால் தயங்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அது விசுவாசக் குறைவு அல்ல.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு ஆராதனையில் 88ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிக்கவிருக்கிறோம். வாசித்து முடிந்ததும் எந்த விளக்கமும் ஆறுதல் வார்த்தையும் சேர்க்காமல் சில நிமிடங்கள் மௌனமாயிருப்போம். பாடலைத் தொடங்க வாத்தியக் குழுவினர் அவசரப்பட வேண்டாம். அந்த மௌனத்தில் பக்கத்தில் இருக்கிறவர் அழுதால், ஏன் என்று கேளாமல் அருகில் இருங்கள்.