விளைச்சல் ஏற்காட்டில், விலை நியூயார்க்கில்!

உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால், எது எங்கே விளைந்தது என்று வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா? சேலத்துக் கடையில் காப்பித்தூள் வாங்குபவர், அது கண்ணெதிரே நிற்கும் சேர்வராயன் மலையில் விளைந்ததா, குடகில் விளைந்ததா என்று அறிவாரா? பெரும்பாலும் அறியார்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன், ஏற்காட்டில் காப்பிச் செடியை அறிமுகம் செய்தார். அன்று தொட்டு அம்மலை காப்பி தருகிறது. சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக் கொடியோடு அராபிக்கா விளைகிறது. பெருந்தோட்டங்கள் ஒருபுறம், மலையாளி எனப்படும் பழங்குடி மக்களின் சிறு நிலங்கள் மறுபுறம்.

ஏறத்தாழ ஆறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ கொட்டை. தோல் நீக்கிக் கழுவி, காயவைத்து, உமி போக்கி, தரம் பிரித்து, வறுத்து அரைக்கும்போது படிதோறும் விலை ஏறுகிறது. பழமாகவே விற்றுவிடும் சிறு விவசாயியின் பங்கோ முதற்படியோடு முடிகிறது! அந்த விலையும் நியூயார்க் சந்தையை ஒட்டியே ஆடுகிறது. 2025 பிப்ரவரியில் அங்கே அராபிக்கா விலை அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. ஏறியது இறங்காதா? 2000ஐ ஒட்டி வந்த வீழ்ச்சியில் காப்பி விவசாயிகள் பட்ட பாடு சிறிதன்று.

1942ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பி வாரியமே கொட்டையைத் திரட்டி விற்றது. அந்த முறை படிப்படியாகத் தளர்ந்து 1996ல் நீங்கியது. பெரியவர்களுக்கு விடுதலை, பேரம் பேச வலுவில்லாத சிறியவர்களுக்கோ தனிமை!

வழியே இல்லையா? மலையடிவாரத்தைப் பாருங்கள்! உலகப்போரால் அயல்நாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943ல் சேலத்தார் மரவள்ளிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். 1981ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். 2023ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. மரவள்ளிக்கு முடிந்தது காப்பிக்கு முடியாதா?

2019ல் குடகு, வயநாடு, சிக்கமகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு ஆகிய இடத்துக் காப்பிகள் அக்குறியீட்டைப் பெற்றன. அந்த வரிசையில் சேர்வராயன் இல்லை.

நாம் கேட்பது மூன்று. சேர்வராயன் காப்பிக்கு அதன் பெயர் வேண்டும். சிறு விவசாயிகளின் பழத்தை வாங்கி, மலையிலேயே பதப்படுத்தி வறுக்கும் கூட்டுறவு ஆலை வேண்டும். கூட்டுறவு அங்காடிகளிலும் அரசு அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகளிலும் அத்தூளுக்கு இடம் வேண்டும்.

மட்டமான சரக்கை உள்ளூர்ப் பாசத்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பெயர் போட்டு விற்பவர் தரத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இந்தியக் காப்பியில் பெரும்பகுதி கப்பலேறுகிறது. ஏறட்டும், அந்நியச் செலாவணி தேவைதான். ஆனால் உள்நாட்டில் உறுதியான சந்தை இருந்தால், நியூயார்க்கில் விலை சரியும் நாளில் ஏற்காட்டு அடுப்பு அணையாது.

ஆட்சியாளர் செய்ய வேண்டியதைச் செய்யட்டும். வாசகர்களே, அடுத்த முறை கடைக்காரரிடம் கேளுங்கள்: "இது எந்த மலைக் காப்பி?" நூறு பேர் கேட்டால், பொட்டலத்தில் பதில் அச்சேறும்!