ஸ்ரீ சிட்டி சுற்றுவட்டார இணையவழிச் சிறு விற்பனையாளர்கள் சங்கத்தின் கோரிக்கை மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர், திருப்பதி மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்.

நகல்: மாநில வணிக வரித் துறை ஆணையர்; மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், திருப்பதி; மாவட்ட ஆட்சியர், திருவள்ளூர்.

பொருள்: மாநில எல்லை தாண்டிய சிறு இணைய விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு விலக்கு, முகவரிச் சான்று, ரிட்டர்ன் தகராறுகள், பண மோசடிப் புகார்கள் குறித்து.

இணையச் சந்தையில் அவ்வப்போது விற்பவர்கள் இரண்டு வகையினர். முதல் வகையினர் தாம் பயன்படுத்திய பொருளை விற்பவர்கள். வேலை மாறி ஊரைக் காலி செய்யும்போது கட்டில், ஃப்ரிட்ஜ், பைக், பழைய செல்போன் ஆகியவற்றை ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற தளங்களில் படம் போட்டு விற்கிறார்கள். இரண்டாம் வகையினர் வீட்டில் செய்ததை விற்பவர்கள். கலம்காரி துப்பட்டா, பட்டுநூல் வளையல், தைத்த ரவிக்கை, மரச் சிற்பம் என மாதத்துக்கு நாலைந்து ஆர்டர் வந்தாலே அவர்களுக்கு அது நல்ல மாதம். இரு வகையினருக்கும் கடை கிடையாது, கிடங்கு கிடையாது, கணக்குப்பிள்ளை கிடையாது. அவர்கள் மீது விழும் விதிகளோ இவை மூன்றும் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

ஸ்ரீ சிட்டி வட்டாரத்தில் இந்தச் சிக்கலுடன் இன்னொன்றும் சேர்கிறது. தேசிய நெடுஞ்சாலை 16-இல், சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டரில், ஆந்திர எல்லைக்குள் கால்வைத்தவுடன் வருவது இந்தத் தொழில்நகரம். 2008-இல் தொடங்கப்பட்ட இங்கு இசுசு, மாண்டலீஸ், டைகின், ஆல்ஸ்டாம் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் இயங்குகின்றன. வேலை ஆந்திராவில், வீடு தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்திலோ கும்மிடிப்பூண்டியிலோ என்று இருப்பவர்கள் ஏராளம். ஸ்ரீ சிட்டி அமைந்துள்ள சத்தியவேடு பகுதியே 1960 ஏப்ரல் 1 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1959-ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டப்படி திருத்தணி அந்தப் பக்கம் போக, பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து பிரிந்த சத்தியவேடு இந்தப் பக்கம் வந்து சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்தது. இன்றும் இங்குள்ள குடும்பங்கள் கல்யாண ஜவுளிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் சென்னைக்கே போகின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஊத்துக்கோட்டை, பொன்னேரிப் பக்கம்தான். வீட்டில் செய்த ஒரு பொருளை முதலில் கேட்டு வாங்குபவர் இந்த உறவு வட்டத்துக்குள் இருப்பவர்தான். அவருக்கு ஜிஎஸ்டி பதிவில்லாமல் இணையம் வழியே விற்பதைத்தான் இன்றைய வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை.

2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, மின்வணிகத் தளம் வழியே சரக்கு விற்கும் எவரும், விற்பனை எத்தனை ரூபாயாக இருந்தாலும், பதிவு பெற்றே தீரவேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவு விதித்தது. தெருவில் கடை வைத்திருப்பவருக்குச் சரக்கு விற்பனையில் ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. அதே பொருளைத் தளத்தில் 500 ரூபாய்க்கு விற்றால் பதிவு வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு நியாயமற்றது என்பதை 2022 ஜூனில் சண்டிகரில் கூடிய 47-ஆவது ஜிஎஸ்டி மன்றக் கூட்டம் ஏற்றது. அதன் பயனாக 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குக் கீழே விற்பவர்கள் பதிவில்லாமலே தளங்களில் விற்கலாம் என்றானது. பான் எண்ணையும் தொழில் முகவரியையும் ஜிஎஸ்டி தளத்தில் தெரிவித்து ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும். நாடு முழுவதும் சிறு விற்பனையாளர்களுக்கு இது பெரிய உதவி. அதைச் செய்தவர்களுக்குச் சங்கம் நன்றி தெரிவிக்கிறது.

ஆனால் அந்த விலக்கில் ஒரு நிபந்தனை உண்டு. வேறு மாநிலத்துக்கு ஒரு பொருளைக்கூட அனுப்பக்கூடாது. பொருள் எங்கே போய்ச் சேர்கிறதோ அதுவே விற்பனை நடந்த இடம் என்பது பொது விதி. ஆகவே சத்தியவேட்டில் இருக்கும் ஒரு பெண், ஸ்ரீகாகுளம் மாவட்டத்தின் கோடியில் எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் இச்சாபுரத்துக்குத் தம் துப்பட்டாவைத் தாராளமாக அனுப்பலாம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கும்மிடிப்பூண்டிக்கு அனுப்ப முடியாது. கும்மிடிப்பூண்டிக்காரர் நேரில் வந்து கையோடு வாங்கிப் போனால் தடையில்லை. அதே ஆள் அதே துப்பட்டாவைச் செல்போனில் ஆர்டர் செய்தால் அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. தளங்களும் இந்த நிபந்தனையைப் பின்பற்றி, பதிவில்லாத விற்பனையாளரின் பொருளைப் பிற மாநிலப் பின்கோடுகளுக்குக் காட்டுவதில்லை. விற்பவருக்கு இது தெரிவதுமில்லை. படம் சரியில்லையோ, விலை கூடுதலோ என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, ஆர்டர் வராமல் சோர்ந்து விட்டுவிடுகிறார். நெல்லூர்க்காரருக்கோ கடப்பைக்காரருக்கோ இந்த நிபந்தனை அவ்வளவு உறுத்தாது. அவர்களைச் சுற்றி நான்கு திசையிலும் ஆந்திரா இருக்கிறது. எல்லையோரத்தில் இருப்பவருக்குத் தம் சந்தையின் பெரும்பகுதியே மறுபுறம் இருக்கிறது.

பதிவு பெற்றுவிட்டால் போயிற்று என்று சொல்வது எளிது. பதிவு பெற்றவர் விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்கு தாக்கல் செய்யவேண்டும். தவறினால் வெற்றுக் கணக்குக்கே நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம். நிபுணருக்குக் கொடுக்கும் தொகை வேறு. பண்டிகை மாதத்தில் மட்டும் விற்று மற்ற மாதங்களில் சும்மா இருப்பவரின் லாபம் இதிலேயே கரைந்துவிடும். தொகுப்பு முறை வரியைத் தேர்ந்தெடுத்தாலும் வெளிமாநில விற்பனைக்கு அனுமதி இல்லை.

இந்த நிபந்தனைக்கு முன்மாதிரியான தளர்வுகள் சட்டத்திலேயே இருக்கின்றன. 2017 நவம்பர் அறிவிக்கையின்படி, தளம் வழியே சேவை அளிப்பவர் 20 லட்சம் ரூபாய் வரை பதிவு பெறவேண்டியதில்லை; வெளிமாநிலத்துக்குச் சேவை அளிப்பவருக்கும் அதே வரம்பு வரை விலக்கு உண்டு. பட்டியலிடப்பட்ட கைவினைப் பொருள்களைத் தளத்தின் துணையின்றி வெளிமாநிலத்துக்கு விற்பவருக்கும் விலக்கு இருக்கிறது. வீட்டிலிருந்தபடி சென்னைப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்துபவருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, அதே வீட்டில் உட்கார்ந்து ஸ்ரீகாளஹஸ்தி பாணியில் மூங்கில் எழுதுகோலால் துணியில் ஓவியம் தீட்டி விற்பவருக்குக் கிடைக்காததற்கு வலுவான காரணம் எதுவும் தென்படவில்லை. 2025 செப்டம்பர் 3-இல் கூடிய 56-ஆவது மன்றக் கூட்டம், பல மாநிலங்களில் தளங்கள் வழியே விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு எளிய பதிவு முறை ஒன்றைக் கொண்டுவரக் கொள்கை அளவில் ஒப்புதல் தந்திருக்கிறது. கதவு திறக்கும் இந்த நேரத்தில் எல்லையோரத்தவரின் குரலும் அங்கே கேட்கவேண்டும். மன்றத்தில் ஆந்திர நிதியமைச்சரும் தமிழ்நாட்டு நிதியமைச்சரும் உறுப்பினர்கள். ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்பவர் சேர்க்கை எண்ணைக் கொண்டே வெளிமாநிலத்துக்கும் தளம் வழியே விற்க அனுமதி வேண்டும். நாடு முழுவதும் அதைத் தர இயலாவிட்டால், அண்டை மாநிலத்து எல்லை மாவட்டங்களுக்காவது தரவேண்டும். இந்தக் கோரிக்கையை மாவட்ட நிர்வாகம் தன் பரிந்துரையுடன் மாநில அரசுக்கு அனுப்பிவைக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்ட நிர்வாகமும் தன் அரசுக்கு அதையே எழுதக் கோரப்படுகிறது. ஆரம்பாக்கத்திலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கமுள்ள தடாவுக்கு விற்க முடியாமல் தவிப்பவரின் குறையும் இதுவேயல்லவா?

சேர்க்கை எண் பெறுவதிலும் உள்ளூர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் உருவானது. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்கள் சித்தூரிலிருந்தும், தடா மண்டலம் நெல்லூரிலிருந்தும் அதில் சேர்ந்தன. பலருடைய ஆதார் அட்டையில் இன்னும் பழைய மாவட்டமே நிற்கிறது. பின்கோடோ சத்தியவேட்டில் 517 என்றும் தடாவில் 524 என்றும் தொடங்குகிறது. படிவத்தில் ஒரு மாவட்டம், சான்றில் இன்னொரு மாவட்டம் என்றால் ஜிஎஸ்டி தளத்தின் சரிபார்ப்பு அதை ஏற்பதில்லை. ஆலை விடுதியில் தங்கியிருப்பவரின் நிலை இன்னும் கடினம். ஆதார் தமிழ்நாட்டு முகவரியில் இருக்கும், இங்கே வாடகை ஒப்பந்தமும் இருக்காது. பழைய மாவட்டப் பெயரும் புதிய பெயரும் ஒரே இடத்தையே குறிக்கின்றன என்ற சான்றைக் கிராம சச்சிவாலயத்திலேயே உடனுக்குடன் வழங்கவும், அங்குள்ள டிஜிட்டல் உதவியாளர்கள் சேர்க்கை எண்ணுக்கு விண்ணப்பிக்க உதவவும் ஆட்சியர் உத்தரவிட்டால் இது ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது பார்சல். கூரியர் கட்டணம் உண்மை எடைக்கோ, பெட்டியின் கன அளவு எடைக்கோ, எது கூடுதலோ அதற்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பரவலான கணக்கு. 350 கிராம் துப்பட்டாவை 30க்கு 24க்கு 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் அது 1.44 கிலோ ஆகிறது. அரை கிலோ வீதம் கணக்கிட்டு ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் பிடிக்கப்படும். துணியை மடித்துப் பாலிதீன் உறையில் அனுப்பியிருந்தால் இந்தச் செலவே இல்லை. பொருள் போய்ச் சேர்ந்து வாரங்கள் கழித்துக் கணக்கில் ஒரு கழிவைப் பார்க்கும்போதுதான் இது விற்பவருக்குத் தெரியவருகிறது.

ரிட்டர்ன் வரும்போது இழப்பு இரட்டிப்பாகிறது. கையால் சாயமிட்ட துணி படத்தில் இருப்பதைவிடச் சற்று மங்கலாகவோ அழுத்தமாகவோதான் இருக்கும். நிறம் மாறியிருக்கிறது என்று திருப்பி அனுப்பப்படும். திரும்பி வரும் உறையில் வேறு பழைய துணி இருந்த நிகழ்வுகளைச் சங்க உறுப்பினர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். அதை நிரூபிக்க, உறையின் முகவரிச் சீட்டு தெரிய, வெட்டு விழாமல், பிரிக்கும்போதே எடுத்த வீடியோ கேட்கப்படுகிறது. ஒரு கையில் கத்தரிக்கோலும் மறு கையில் செல்போனுமாகத் தனியாக இருப்பவர் அதை எப்படி எடுப்பார்? பணம் கொடுத்து வாங்காமல் கதவிலேயே மறுக்கப்பட்டுத் திரும்பும் பார்சலுக்கும் சில தளங்களில் விற்றவரே கட்டணம் ஏற்கவேண்டியிருக்கிறது.

2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் வாங்குபவருக்கு நல்ல காப்பு அளிக்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவேண்டும்; ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். விற்பவரின் புகாருக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லை. தானியங்கிப் பதில் வந்து புகார் மூடப்பட்டுவிடும். வழக்கென்றால் ஒப்பந்தப்படி வேறு ஊர் நீதிமன்றம். விற்பவரின் புகாருக்கும் அதே கெடுவை நீட்டிக்க மத்திய நுகர்வோர் விவகாரத் துறைக்கு மாநில அரசு எழுதவேண்டும். அதுவரை, வழக்குக்கு முந்தைய சமரசத்துக்காக இத்தகைய தகராறுகளை மக்கள் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளும்படி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை ஆட்சியர் கேட்டுக்கொள்ளலாம்.

பழைய பொருளை விற்பவர்களுக்கு வரித் தொல்லை இல்லை. அவர்களைத் தின்பது மோசடி. நடக்கும் விதம் அநேகமாக ஒன்றே. ஃப்ரிட்ஜின் படம் போட்ட சில நிமிடங்களில் அழைப்பு வரும். அழைப்பவர் பேரம் பேசமாட்டார். ராணுவத்தில் இருப்பதாகவும், இடமாற்றலாகி வருவதாகவும், வண்டி அனுப்பிப் பொருளை எடுத்துக்கொள்வதாகவும் சொல்வார். சோதித்துப் பார்க்க ஐந்து ரூபாய் அனுப்புவார். அது உண்மையாகவே வந்து சேரும். பிறகு ஒரு க்யூஆர் குறியை அனுப்பி, முழுப் பணமும் வர இதை ஸ்கேன் செய்து பின் எண்ணைப் போடுங்கள் என்பார். பின் எண்ணைப் போட்டதும் பணம் வெளியே போகும். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை. தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கோரும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது நல்ல நடவடிக்கை. க்யூஆர் வழி மட்டும் அடைபடவில்லை.

பணம் போனதும் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அதை இடையில் நிறுத்திவைக்க முடியும். இந்த வட்டாரத்தில் அந்த நேரம் எல்லைத் தகராறில் வீணாகிறது. வேலை ஸ்ரீ சிட்டியில், வங்கிக் கணக்கு கும்மிடிப்பூண்டியில், சிம் சென்னையில் வாங்கியது என்றால் இங்கே போனால் அங்கே போ என்றும், அங்கே போனால் இங்கே போ என்றும் சொல்லும் நிலை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை எந்தக் காவல் நிலையமும் பதிவு செய்யவேண்டும் என்கிறது. மின்னணு வழியில் தரும் தகவலுக்கு மூன்று நாளில் கையெழுத்துப் போட்டால் போதும். ஸ்ரீ சிட்டி, சத்தியவேடு, தடா வட்டாரக் காவல் நிலையங்களில் இது தயக்கமின்றி நடக்கும்படி காவல் கண்காணிப்பாளர் சுற்றறிக்கை அனுப்பவேண்டும். திருவள்ளூர் மாவட்டக் காவல்துறையுடன் தொடர்புக்கென ஒரு அதிகாரியை நியமிக்கவேண்டும்.

இதற்கு நேர்மாறான துன்பமும் உண்டு. பைக்கை விற்று நேர்மையாக வாங்கிய பணம், எங்கோ ஒருவரிடம் திருடப்பட்ட பணமாக இருந்துவிட்டால், வேறு மாநிலக் காவல்துறையின் கடிதத்தின் பேரில் விற்றவரின் கணக்கு முடக்கப்படுகிறது. 18,000 ரூபாய்க்கான சந்தேகத்தில் சம்பளக் கணக்கு முழுவதும் நின்றுபோனால் அந்த மாதம் விடுதி வாடகைக்கே வழியில்லை. அதே சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி கைப்பற்றிய விவரத்தை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கவேண்டும். சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் வழியாக வங்கிகளுக்கு அறிவுறுத்தல் போகவேண்டும். விற்பனை ஒப்பந்தம், ஆர்சி புத்தக மாற்றம், உரையாடல் பதிவு ஆகியவற்றைப் பெற்று, கணக்கை முடக்கக் கேட்ட வெளிமாநில அதிகாரிக்கு அனுப்பிவைக்கும் பொறுப்பை உள்ளூர் காவல் நிலையம் ஏற்கவேண்டும்.

மேலே சொன்ன படிவங்களும் எச்சரிக்கைகளும் இங்கே தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே கிடைக்கின்றன. சத்தியவேடு, நாகலாபுரம் பகுதிகளில் தமிழே வீட்டுமொழியாக உள்ளவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சேர்க்கை எண் விண்ணப்ப வழிகாட்டியும், 1930 அறிவிப்பும், பணம் பெறப் பின் எண் தேவையில்லை என்ற எச்சரிக்கையும் தமிழிலும் அச்சிடப்பட்டு, ஆலை விடுதிகளிலும் தடா, ஆரம்பாக்கம் ரயில் நிலையங்களிலும் சத்தியவேடு பஸ் நிலையத்திலும் ஒட்டப்படவேண்டும். திங்கள்கிழமை குறைதீர் முகாமில் இணைய விற்பனைப் புகார்களுக்குத் தமிழ் தெரிந்த ஒரு அலுவலரை மாதம் ஒருமுறையாவது சத்தியவேட்டில் அமர்த்த, ஆட்சியரின் உத்தரவு வேண்டப்படுகிறது.