பெரிய எஞ்ஜின் எதுக்குடா?

ஹாஸ்டல்ல ஆஃப்-ரோடு வீடியோ ஓடும்போதெல்லாம் ஒரு குரல் வரும்: "பெரிய எஞ்ஜின் போட்டா ஏறிடும்டா!" மெக்கானிக்கல் மூணாம் வருஷம் படிக்கிறவனே இதைச் சொல்றான். எனக்கு உடன்பாடு இல்லை. பாறையில ஏற வண்டிக்கு முதல்ல வேண்டியது மெதுவாகப் போகத் தெரியறது.

கலிஃபோர்னியாவுல ரூபிகான் டிரெயில்னு ஒரு பாதை இருக்கு. பாதைன்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான், முக்கால்வாசி பாறை. அங்கே 1980-களின் டொயோட்டா பிக்கப்புகளுக்கு இன்னும் மவுசு. 2.4 லிட்டர் பெட்ரோல் எஞ்ஜின், சுமார் 100 குதிரைத்திறன். அவ்வளவுதான்.

அதோட கணக்கைப் பாருங்க. முதல் கியர் சுமார் 3.95, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.28, ஆக்ஸில் 4.10. பெருக்கினா 37. இதுதான் கிரால் ரேஷியோ. எஞ்ஜின் 800 ஆர்.பி.எம். ஐடில்ல ஓட, டயர் 31 அங்குலம்னா, வேகம் மணிக்கு 3.2 கி.மீ. நாம நடக்கிறதை விடக் குறைவுதானேன்னு தோணும். ஆனா அது வினாடிக்கு 89 செ.மீ. முன்சக்கரம் கல்லுல முட்டினதும் டிரைவர் பதறிக் கிளட்சை மிதிப்பார். வண்டி பின்னால உருளும். உடனே ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். வண்டி துள்ளும், துள்ளி விழுற இடத்துல ஏதாவது ஒண்ணு உடையும்.

இதுக்கு மார்லின் கிராலர் மாதிரி ஆட்கள் பிரபலமாக்கின வழி ரொம்ப எளிமையானது. இன்னொரு டிரான்ஸ்ஃபர் கேஸோட ரிடக்ஷன் பகுதியைக் கியர்பாக்ஸுக்கும் பழைய கேஸுக்கும் நடுவுல சொருகிட்டாங்க. 37-ஐ இன்னொரு 2.28-ஆல பெருக்கினா 84. இப்போ வினாடிக்கு 39 செ.மீ. தான். கிளட்சைத் தொடவே வேண்டாம். இறக்கத்துலயும் எஞ்ஜினே வண்டியைப் பிடிச்சுக்கும். வேடிக்கை என்னன்னா, இப்போதைய ஜீப் ராங்லர் ரூபிகான் மேனுவல்லயும் 5.13, 4, 4.10-ஐப் பெருக்கினா அதே 84 தான் வருது.

ஆக்ஸில் கியரை மட்டும் மாத்தினா போதாதான்னு கேட்கலாம். 4.10-ஐ 5.29 ஆக்கினா 29 சதவீதம்தான் லாபம். பினியன் பல்லு 10-லேர்ந்து 7-ஆகக் குறையுது, ஹைவேயிலயும் எஞ்ஜின் கத்திக்கிட்டே ஓடும். பெரிய டயர் போட்டவங்க மாத்தட்டும், நியாயம்தான். மத்தவங்க டிரான்ஸ்ஃபர் கேஸ்லதான் முதல்ல கை வைக்கணும். லோவை எடுத்துட்டா ரோட்டுல வண்டி பழைய வண்டிதான்.

ஆனா 84-ஐயும் தாண்டி மூணாவது பெட்டி வைக்கிறதை நான் வீம்புன்னுதான் சொல்வேன். எஞ்ஜின் டார்க் 190 நியூட்டன் மீட்டர்னு வைங்க. 84-ஆல பெருக்கினா கிட்டத்தட்ட 16,000. டயர் விளிம்புல அது 4 டன் இழுவை. வண்டியே 2 டன்கூட இருக்காது! அவ்வளவு இழுவையை டயரோட பிடிமானம் தரையில இறக்கவே விடாது. சக்கரம் வழுக்கினா பிழைச்சோம். ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டிக்கிட்டா மொத்த டார்க்கும் பின்னால இருக்கிற ஷாஃப்ட் தலையிலதான் விடியும்.

டிசைன் பரீட்சையில ரேஷியோவைப் பெருக்கி, விடைக்கு அடிக்கோடு போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடறோம். அந்த டார்க்கை எந்தப் பாகம் தாங்குதுன்னு எழுதறதே இல்லை. யூனிமாக்ல கடைசி ரிடக்ஷனைச் சக்கரத்துக்குப் பக்கத்துலயே, போர்ட்டல் ஆக்ஸில்ல வச்சிருக்காங்க. அதனால அதுக்கு முன்னாடி இருக்கிற ஷாஃப்டுக்குச் சுமை குறைவு. டபுள் கேஸ் டொயோட்டாவுல அந்த வசதி கிடையாது. பெருக்கின டார்க் முழுசும் முன் ஆக்ஸிலோட பர்ஃபீல்ட் ஜாயிண்ட் வரைக்கும் போகுது. டிரெயிலுக்குப் போறவங்க டூல்பாக்ஸ்ல ஒரு ஸ்பேர் பர்ஃபீல்ட் கிடக்கிறது அதனாலதான்.