பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்!

காக்களூரில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. இந்த வாரம் இரவு ஷிப்டு. அதனால் பகலில் தூங்குகிறார். அம்மாவும் ஒரு கம்பெனிக்குப் போகிறார். மாலையில்தான் வீடு திரும்புகிறார்.

பையனுக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செல்போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காருகிறான். திரையில் பெரிய கண்களுடன் ஒரு பொம்மை ஓடுகிறது. கத்தியை உருவுகிறது.

"என்னடா பார்க்கிறே?"

"அனிமே, அம்மா."

"பொம்மைப் படம்தானே? பாரு, பாரு."

அம்மா அடுப்படிக்குப் போய்விடுகிறார். பேச்சு அதோடு முடிந்தது.

தவறு அங்கேதான் தொடங்குகிறது!

அனிமே என்றால் என்ன?

அசையும் சித்திரங்களை 'அனிமேஷன்' என்பார்கள். அந்தச் சொல்லை ஜப்பானியர் சுருக்கி 'அனிமே' ஆக்கினார்கள். ஜப்பானில் தயாராகும் சித்திரப் படங்களுக்கு இன்று உலகம் முழுவதும் அதுவே பெயர்.

ஒசாமு தெசுகா என்று ஒரு ஜப்பானியர். மருத்துவம் படித்தவர், சித்திரக் கதை எழுதிப் புகழ் பெற்றார். அவருடைய 'ஆஸ்ட்ரோ பாய்' என்ற கதை 1963 ஜனவரி 1-ந்தேதி ஜப்பான் டெலிவிஷனில் தொடராக வரத் தொடங்கியது. அதன் வெற்றிக்குப் பிறகு சித்திரத் தொடர்கள் பெருகின.

நம் வீடுகளுக்கு டோரேமான் வந்தான், ஷின்சான் வந்தான். சிலர் டோராவையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள். டோரா வேறு, டோரேமான் வேறு. டோரா அமெரிக்கப் பெண். டோரேமான் ஜப்பான் பூனை!

பிள்ளைகள் இவற்றைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒருவரை ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் என்ன?

"எதில் தொடங்குவது?"

இது முதல் கேள்வி. நல்ல கேள்வி.

'ஒன் பீஸ்' என்று ஒரு கடற்கொள்ளைக்காரர் கதை. 1999-ல் ஜப்பான் டெலிவிஷனில் தொடங்கியது. 1,100 பகுதிகளைத் தாண்டிவிட்டது. நமக்கு இது புதிது அல்ல. 1960-ல் தினத்தந்தியில் தொடங்கிய 'கன்னித்தீவு' இல்லையா? முடியாத காரியத்தைப் பார்த்தால் "கன்னித்தீவு போல நீளுகிறது" என்கிறோமே!

குடும்பத்தோடு தொடங்க நீண்ட தொடர் வேண்டாம். ஒரே உட்காரலில் முடியும் படம் போதும். ஹயாவோ மியாசாகி எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ' (1988) அப்படிப்பட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அக்காளும் தங்கையும் அவளுக்காக ஏங்குகிறார்கள். அதுதான் கதை. ரத்தம் இல்லை, சண்டை இல்லை.

இன்னொன்று, நம்முடைய ராமாயணம்! ஜப்பானைச் சேர்ந்த யூகோ சாகோவும் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து உழைத்த படம் அது. 1992-ல் உருவானது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடு நம் தியேட்டர்களுக்கும் வந்தது.

"எதை விட்டுவிடலாம்?"

இது இரண்டாவது கேள்வி.

'நருட்டோ' என்ற தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் 220 பகுதிகள். இரண்டாம் பாகம் 500. ஆக மொத்தம் 720. ஒரு பகுதி இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். கணக்குப் போடுங்கள். குறைந்தது 240 மணி நேரம்! இரவு பகல் தூங்காமல் பார்த்தாலும் பத்து நாள் வேண்டும்.

இவ்வளவு நீளம் ஏன்? கதை முதலில் வாரப் பத்திரிகையில் வருகிறது. அதைப் படம் பிடிப்பவர்கள் வேகமாக ஓடிப் பத்திரிகையை எட்டிவிடுகிறார்கள். அடுத்த கதை இன்னும் வரவில்லை. டெலிவிஷனோ காத்திருக்காது. ஆகவே இடைக்கதைகளைத் தாங்களே கட்டிச் சேர்க்கிறார்கள். பிள்ளைகள் இதை 'பில்லர்' என்கிறார்கள். அதைத் தள்ளிவிட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கேள்வி.

பெற்றோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. "தொடர் முடிந்ததும் படிக்கிறேன்" என்று பையன் சொன்னால் நம்பாதீர்கள். தொடர் முடியாது! "இன்று ஒரு பகுதி, பிறகு பாடம்" என்று முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.

"தமிழா, ஜப்பானியா?"

மூன்றாவது கேள்வியில் பெரிய சண்டையே நடக்கிறது. ஜப்பானியக் குரலில் கேட்டால்தான் உணர்ச்சி வரும் என்கிறது ஒரு கட்சி. நம் மொழியில் கேட்டால்தான் மனதில் பதியும் என்கிறது மறு கட்சி.

ஜப்பானியக் குரலில் கேட்டால் கீழே ஓடும் எழுத்தைப் படிக்க வேண்டும். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் படித்த அண்ணன் படித்துவிடுவான். அம்மாவும் பாட்டியும் என்ன செய்வார்கள்?

2023 முதல் கிரஞ்சிரோல் நிறுவனம் சில தொடர்களைத் தமிழ்க் குரலில் தருகிறது. 'டீமன் ஸ்லேயர்' படம் 2025 செப்டம்பரில் தமிழிலும் திரையிடப்பட்டது. தனியாகப் பார்க்கிறவர் எந்த மொழியிலும் பார்க்கட்டும். வீட்டோடு பார்ப்பதற்குத் தமிழே சரி.

யாரும் கேட்காத கேள்வி

இந்த மூன்று கேள்விகளையும் பிள்ளைகளே கேட்டு, பிள்ளைகளே பதில் சொல்லிக்கொள்கிறார்கள். நான்காவது கேள்வி ஒன்று உண்டு. "இது எந்த வயதுக்கு உரியது?" அதைக் கேட்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அவர்கள் கேட்பதில்லை. 'பொம்மை என்றால் குழந்தைக்கு' என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஷின்சான் கதையைக் கேளுங்கள். குறும்புக்காரச் சிறுவன். ஆனால் அவன் 1990-ல் முதன் முதலில் வந்தது பெரியவர்கள் படிக்கும் பத்திரிகையில்! இந்தியாவில் 2006-ல் குழந்தைகள் சேனலில் வந்தான். பெற்றோர்கள் முறையிட்டார்கள். 2008-ல் அரசாங்க உத்தரவால் தொடர் நின்றது. பிறகு, வெட்ட வேண்டியதை வெட்டி மீண்டும் காட்டினார்கள்.

'டீமன் ஸ்லேயர்' என்ன கதை? டான்ஜிரோ என்ற பையன் கரி விற்றுப் பிழைக்கிறான். ஒரு நாள் வீடு திரும்புகிறான். அம்மா செத்துக் கிடக்கிறாள். தம்பி தங்கைகளும் செத்துக் கிடக்கிறார்கள். ஒரு தங்கைக்கு மட்டும் உயிர் இருக்கிறது. அவளும் அரக்கியாக மாறிவிட்டாள்! அண்ணன் அவளைக் கைவிடவில்லை. பெட்டியில் வைத்து முதுகில் சுமக்கிறான். அவளைத் திரும்பவும் மனுஷியாக்க ஊர் ஊராக அலைகிறான்.

1961-ல் 'பாசமலர்' பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த நாடு இது. இந்த அண்ணனின் பாசம் நமக்குப் புரியாதா? புரியும். ஆனால் அதே கதையில் தலைகள் உருளுகின்றன, ரத்தம் பீறிடுகிறது. பதினைந்து வயதுப் பையன் அதைத் தாங்குவான். ஏழு வயதுப் பிள்ளை இரவில் அலறி எழுந்திருக்கும்.

குறியைப் பாருங்கள்

இதற்கு வழி இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2021-ல் விதி செய்திருக்கிறது. அதன்படி, இணையம் வழியே படம் காட்டும் நிறுவனங்கள் வயதுக் குறி போட வேண்டும். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'யு/ஏ' என்ற குறியோடு 7+, 13+, 16+ என்று எண் இருக்கும். அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளை, பெரியவர் துணையோடுதான் பார்க்க வேண்டும். 'ஏ' என்றால் பெரியவர்களுக்கு மட்டும். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டுப் போடும் வசதியும் தர வேண்டும்.

ஆனால் பூட்டு மட்டும் பிள்ளையை வளர்க்காது. "இனி அனிமே கூடாது" என்று செல்போனைப் பிடுங்கினால் என்ன ஆகும்? நண்பன் வீட்டில் பார்ப்பான். பார்த்ததை உங்களிடம் சொல்லமாட்டான். பயந்தாலும் சொல்லமாட்டான். அதுதான் பெரிய நஷ்டம்.

பெற்றோர்களே! ஷிப்டு வேலை ஓய்வு தராது. நமக்குத் தெரியும். ஆனால் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு அல்லவா? அன்று அரை மணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். "இவன் யார்? ஏன் அழுகிறான்? பெட்டியில் இருப்பது யார்?" என்று கேளுங்கள்.

பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். உற்சாகமாகச் சொல்லத் தொடங்குவான். உங்களுக்குக் கதை சொல்லுவான். இன்று பொம்மையைப் பற்றிப் பேசுகிறவன், நாளை பள்ளிக்கூடத்தில் நடந்ததையும் பேசுவான்.

கேள்வி கேட்கப் படிப்பு வேண்டாம், பணம் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்!